தியரி காக்கா

இஷா முடிந்து, பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடுகிற சனம் கலைந்ததும், கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் இறங்கும் வீதியிலுள்ள தேத்தண்ணிக் கடையில் வாங்கு நிறைந்துவிடும். வாங்கின் இடது கோடி மட்டும் காலியாகக் கிடக்கும். வெளியூர்க்காரர் யாராவது தெரியாமல் அதில் குந்திவிட்டால், மேசை துடைக்கிற சாட்டில் முதலாளி அவரைத் துவாயாலேயே மெல்ல நகர்த்திவிடுவார். அது தியரி காக்காவின் இடம்.

வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. நாற்பது தாண்டிய ஆள். மருதமுனைக் கைத்தறிச் சாரன், கையில் கட்டாரில் வாங்கிய மணிக்கூடு. அது நின்று நாலு வருடம். பிளேன்டீ வரும்வரை அவர் செய்கிற ஒரே வேலை, ஈ பார்ப்பது.

ஒருநாள் எதிர் வாங்கில் ஓர் இன்சூரன்ஸ்காரர் பணிஸ் கடித்துக்கொண்டிருந்தார். ஓர் ஈ அவருடைய கொலரில் இறங்கி, கழுத்தில் ஏறி, காதுப் பக்கமாக நடக்கத் தொடங்கியது. காக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கும் கண்ணால் காட்டினார். ஈ காதுமடலைத் தொட்டதும் மனிதர் பளாரென்று தன் கன்னத்திலேயே ஒரு அறை வைத்தார்.

“சரி. மனிசன்தான்” என்றார் காக்கா. அதன் பிறகே பிளேன்டீயைத் தொட்டார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2016 ஒக்டோபர் 2ஆம் திகதி எச்.பி.ஓ.வில் ‘வெஸ்ட்வேர்ல்ட்’ என்றொரு தொடர் தொடங்கியது. மைக்கேல் கிரைட்டன் 1973இல் எடுத்த படத்தை வைத்து ஜொனதன் நோலனும் லிசா ஜோயும் உண்டாக்கியது. கௌபோய் காலத்து அமெரிக்கா மாதிரி ஒரு பூங்கா. அதில் மனிதரைப் போலவே இருக்கிற ரோபோக்கள். காசுள்ளவன் வந்து அவற்றைச் சுடலாம், வெட்டலாம், என்னவும் செய்யலாம். இரவில் தைத்து ஒட்டி, நினைவை அழித்து, காலையில் பழையபடி விட்டுவிடுவார்கள். மனிதரையோ மிருகத்தையோ ஒரு பூச்சியையோ அவை திருப்பி அடிக்கக்கூடாது என்பது சட்டம். முதல் அத்தியாயத் தொடக்கத்தில் டோலரஸ் என்ற பெண் ரோபோவின் கண்மணி மேலேயே ஈ நடக்கும், இமைக்கமாட்டாள். அதே அத்தியாயத்தின் முடிவில் கழுத்தில் உட்கார்ந்த ஈயை ஒரே அடி. காக்காவின் வாழ்க்கை அந்த அடியோடு திசைமாறியது.

“எந்திரன் சிட்டி மாதிரியா காக்கா?” என்று ஒரு பொடியன் கேட்டுவிட்டான். காக்காவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

“சிட்டிக்குத் தான் ரோபோ எண்டு முதல் சீன்லேயே தெரியும் தம்பி. தெரிஞ்சவன்ட கதையில தியரி எங்க வரும்? தெரியாதவன்தான் எங்கட ஆள்.”

அந்தத் தொடரை அவர் முதலில் பார்த்தது தோஹாவில். ஏசி மெக்கானிக் வேலை. ஓர் அறையில் ஆறு பேர், இரண்டு தட்டுக் கட்டில், மேல்தட்டில் படுத்தபடி போன் திரையில். காலையில் ஒரே நேரத்துக்கு ஒரே பஸ், ஒரே ஆசனம், மாலையில் அதே பஸ். “அந்தப் பூங்காவில ரோபோ ஒவ்வொண்டுக்கும் ஒரு சுத்து இரிக்கி. எழும்பும், அதே ஆளோட அதே கதையைக் கதைக்கும், செத்துப்போகும், மறுகா எழும்பும். பாத்த உடனே எனக்கு விளங்கிட்டு, இது எங்கட கேம்ப்தான் எண்டு.” ரோபோ என்ற சொல்லே காரெல் சாப்பெக் என்ற செக் நாடகாசிரியர் 1920இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது, கட்டாய உழைப்பு என்று பொருள்படும் செக் சொல்லில் பிறந்தது என்பதையெல்லாம் அவர் பாடமாக வைத்திருக்கிறார். சாப்பெக்கின் பெயரை ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சொல்வதுபோல மரியாதையாகச் சொல்வார்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்தால் மகள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, “உம்மா, ஆரிந்த மாமா?” என்று கேட்பாளாம். “ரோபோட நினைவைத்தான் அழிக்கிறதாம். என்ட விஷயத்தில புள்ளைட நினைவை அழிச்சிட்டானுகள்” என்று சொல்லிவிட்டு, நாங்கள் முகம் வாட முதலே “சீனி காணா” என்று கோப்பையை முதலாளியிடம் நீட்டிவிடுவார்.

முதல் சீசனில் உலகமே மண்டையை உடைத்த கேள்வி ஒன்று உண்டு. பூங்காவுக்குப் புதிதாக வரும் வில்லியம் என்ற பயந்த பொடியன்; கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கண்ட கண்ட இடத்தில் கொலை செய்கிற கிழவன். இருவரும் ஒரே ஆளா? ஒரே கதையை முப்பது வருட இடைவெளியில் கலந்து காட்டுகிறார்களா? இரசிகர்கள் விளக்குப் பிடித்துத் தேடினார்கள். வில்லியம் வந்து இறங்கும் இடத்தில் பூங்காவின் சின்னம் பழைய வடிவத்தில் இருக்கிறது, மற்ற இடங்களில் புதிய வடிவம் என்று கண்டுபிடித்தார்கள். டிசம்பர் 4ஆம் திகதி, பத்தாம் அத்தியாயத்தில், மெய்தான் என்று ஆனது. காக்கா இதைக் கிழமைக்கணக்கில், கீழ்த்தட்டில் படுத்த பிலிப்பினோக்காரனோடு சண்டை பிடித்து நிறுவியவர்.

அடுத்த லீவில் அதே தொடரை வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி சுளகில் அரிசி புடைத்தபடி இரண்டு தரம் திரையைப் பார்த்தார். இரண்டாம் அத்தியாயம்தான்.

“மருமகன், அந்தக் கிழவனும் இந்தப் பொடியனும் ஒரே ஆள்தானே?”

“உங்களுக்கு எப்பிடி மாமி தெரியும்?”

“பொஞ்சாதி காணாத ஊருக்கு வந்த ஆம்பிளைட நடை. ரெண்டு பேருக்கும் அதுதானே.”

இதில் அதிசயமில்லை. எங்கள் கரையில் ஒரு மனிதனை யாரும் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஆர்ட மகன், தாய்வழியில் என்ன குடி, எந்த வளவில் கலியாணம் முடித்தவன், அவன்ட மூத்தவாப்பா யாரோடு வரம்புச் சண்டை பிடித்தவர் என்று நாலு கேள்வியில் முப்பது வருடம் முன்னும் பின்னும் போய் வருவார்கள். சம்பந்தம் பேச வந்த வீட்டைப் பற்றி நிந்தவூரில் ஒரு மூத்தம்மாவிடம் கேட்டால், தொடரில் வரும் பெர்னாட் லோ என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் ஆர்னல்ட் வெபர் வரும் என்று கண்டுபிடித்த அமெரிக்க இரசிகர்கள் அவளுக்கு முன்னால் மாணவர்கள்.

வீடு என்றேனே, அது மாமியின் வீடு. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. பெட்டியோடு வந்து சேர்கிறவர் மாப்பிள்ளை. தொடரில் ரோபோக்களுக்கு ஹோஸ்ட் என்று பெயர், அதாவது வீட்டுக்காரர். காசு கட்டி வருகிற மனிதர் கெஸ்ட், விருந்தாளி. கலியாணம் முடித்த நாள்முதல் அந்த வீட்டில் இருக்கிற காக்காவுக்குத் தான் எந்த வகை என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் ஹோஸ்ட்டுக்குள்ள ஒரு குணம் அவரிடம் பூரணமாக இருக்கிறது. தங்களுக்குத் தெரியக்கூடாததை அந்த ரோபோக்களின் கண் காணாது. எதிரே கதவு இருக்கும். எந்தக் கதவு என்று பெர்னாட் கேட்பார். அந்தக் காட்சியில்தான் அவரும் ரோபோ என்று வெளிப்படும். காக்காவின் வீட்டில் குசினி வாசலில் வெறும் கேஸ் சிலிண்டரை உருட்டி வைத்திருப்பார்கள். அவர் அதைத் தாண்டிக் காலெடுத்து வைத்துப் போவார், வருவார்.

“இஞ்சாருங்க, சிலிண்டர் கண்ணுக்குத் தெரியல்லியா?”

“எந்தச் சிலிண்டர்?”

நடிப்பல்ல அது என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

காக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு தடயத்தை வைத்துக்கொண்டு தியரி சொல்லக்கூடாது, மூன்று வேண்டும். ஒன்றை வைத்துச் சொன்னால் அது கதை, இரண்டு என்றால் சந்தேகம், மூன்றில்தான் தியரி. 2018 பெப்ரவரி 26க்குப் பிறகு அந்தச் சட்டத்தில் அவர் இன்னும் கடுமையானார். அன்றிரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கறியில் கிடந்த கட்டியைக் காட்டி, பிள்ளை பிறக்காமல் ஆக்கும் மாத்திரை என்று ஒரு தியரி கிளம்பியது. ஒரே ஒரு தடயம். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்து, வெறும் மாச்சத்து என்றார். அதற்குள் கண்டிப் பக்கம் திகனையும் எரிந்து முடிந்திருந்தது. அந்த மார்ச்சில் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் சில நாள் மூடி வைத்தது. வாங்கின் இடது கோடியில் காக்கா இருந்தார், ஈ பார்க்கவில்லை.

அடுத்த மாதமே அவருக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டாம் சீசன் வருமுன், ஏப்ரல் 9ஆம் திகதி, நோலனும் ஜோயும் ஒரு அறிவித்தல் விட்டார்கள்: இரசிகர் ஆயிரம் பேர் சம்மதித்தால் முழு சீசனின் கதையையும் முன்கூட்டியே வீடியோவில் சொல்லிவிடுகிறோம், யாரும் தியரி கட்டித் தலையிடி படவேண்டாம். ஆயிரம் உடனே சேர்ந்துவிட்டது. காக்கா அதற்கென்றே டேட்டா போட்டார். வீடியோ இருபத்தைந்து நிமிடம். தொடக்கம் தொடர் மாதிரியே வந்தது. பிறகு டோலரஸாக நடிக்கும் இவான் ரேச்சல் வூட், ரிக் அஸ்ட்லியின் 1987ஆம் ஆண்டுக் காதல் பாட்டைப் பாடத் தொடங்கினார். பாட்டு முடிந்ததும் பியானோவுக்கு முன்னால் ஒரு நாய். அவ்வளவுதான், மிச்ச நேரம் முழுக்க நாய்.

உலகம் ஏமாந்து சிரித்துவிட்டுப் போய்விட்டது. காக்கா கடைசி விநாடிவரை பார்த்தார். நாய் எத்தனை தரம் கண் சிமிட்டியது என்று கொப்பியில் கோடு போட்டு எண்ணினார். ஒரே அளவு இடைவெளி விட்டுச் சிமிட்டுகிறதாம். “நாய் நாயில்ல” என்று அன்றிரவு வாங்கில் அறிவித்தார். தடயம் எத்தனை என்று கேட்டோம். ஒன்றுதான் என்று ஒத்துக்கொண்டு, அதைக் கதைக் கணக்கில் எழுதினார்.

அவருடைய மகா சோதனை 2022இல் வந்தது. ஜூன் 26ஆம் திகதி நாலாம் சீசன் தொடங்குகிறது. இங்கே பெற்றோல் இல்லை, மின்சாரம் இருந்தும் இல்லாமலும். ஊர் வந்து சேர்ந்து சொந்தமாக ஏசி திருத்திக்கொண்டிருந்த காக்கா, மோட்டார் சைக்கிளைப் பெற்றோல் செட் வரிசையில் விட்டுவிட்டு நாட்கணக்கில் மதகில் குந்தியிருந்தார். அந்த சீசனின் கதையைக் கேளுங்கள்: ஈக்களைக் கொண்டு மனிதரின் மூளைக்குள் கிருமியை ஏற்றி, ஒரு கோபுரத்திலிருந்து சத்தம் அனுப்பி, ரோபோக்கள் மனிதரை ஆட்டிவைக்கின்றன. நடுச்சாமம், வரிசையில் முந்நூறு வாகனம், கருவாட்டு லொறி ஒன்றைச் சுற்றி ஈ. இப்படியொரு சபை எந்தத் தியரிக்காரனுக்குக் கிடைக்கும்? காக்கா கதையை அவிழ்த்துவிட்டார். ஜூலையில் கியூஆர் கோட் வந்து, வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்துச் சனம் நகரத் தொடங்கியபோது, “பாத்தீங்களா, நம்மளயும் நம்பர் போட்டு நடத்துறானுகள்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கதையை அவிழ்த்துவிட்ட மூன்றாம் நாள் சம்மாந்துறையிலிருந்து வந்த ஓட்டோக்காரர் ஒருவர் காக்காவிடமே அந்தரங்கமாகச் சொன்னார்: “தெரியுமா காக்கா, போன் டவரால ஒரு சத்தம் அனுப்புறானாம். ஈ கடிச்ச ஆக்களுக்குத்தான் கேக்குமாம். நிந்தவூர் வரிசையில ஒரு படிச்ச மனிசன் சொன்னதாம்.”

காக்காவுக்கு வியர்த்துவிட்டது. 2020இல் கொரோனாவை டவர்தான் பரப்புகிறது என்று பிரித்தானியாவில் டவர்களுக்கு நெருப்பு வைத்த செய்தி அவருக்குத் தெரியும். மாக்கட்டியையும் அவர் மறக்கவில்லை. மோட்டார் சைக்கிளை என்னிடம் பாரம் தந்துவிட்டு, முழங்காலுக்கு மேல் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, மாளிகைக்காடு தாண்டி, காரைதீவு தாண்டி, நிந்தவூர் வரிசை வரை அந்த வெயிலில் நடந்தார். ஒவ்வொரு வாகனமாகக் குனிந்து, “அது டிவி நாடகம் காக்கா, இங்கிலீசு நாடகம், மெய்யில்ல” என்று சொல்லிக்கொண்டு போனாராம். ஒரு பட்டா லொறிக்காரர், “இப்பிடி நடந்து திரிஞ்சு மறுக்கிறதுக்கு இவனுக்கு ஆர் காசு குடுத்த?” என்று புதிய தியரி ஒன்றைத் தொடங்கியதோடு திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து வாயைத் திறக்கமுன் “இது நாடகத்துல” என்று சொல்லாமல் ஒரு வசனம் பேசுவதில்லை. வீட்டில் “கேஸ் முடிஞ்சிட்டு” என்பதற்குக்கூட.

அந்த வருடம் நவம்பர் 4ஆம் திகதி தொடரையே நிறுத்திவிட்டார்கள். முப்பத்தாறு அத்தியாயம். ஐந்தாம் சீசனில் முடிக்கிறதாக இருந்த கதை, நடுச்சந்தியில் நின்றது. டிசம்பரில் எச்.பி.ஓ. மெக்ஸிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். மையத்து வீட்டுக்குப் போவதுபோல நாங்கள் நாலைந்து பேர் மாமி வீட்டுக்குப் போனோம். காக்கா திண்ணையில் கொப்பியோடு இருந்தார். அழுவார் என்று நினைத்தோம். “இனி ஒருத்தனும் பிழை எண்டு சொல்லேலா” என்றார். ஐந்தாம் சீசன் அவருடைய சொத்தாகிவிட்டது. இரவிரவாக வாங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன கிழமை டோலரஸ் கடைசியில் எங்கே போனாள் என்று மூன்று தடயத்தோடு நிறுவிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடயத்தில், எங்கிருந்தோ ஓர் ஈ வந்து அவருடைய கழுத்தில் உட்கார்ந்தது. வாங்கு முழுக்க வாயடைத்தது. ஈ மெல்ல ஏறியது. தாடியைச் சுற்றிக்கொண்டு, கன்னத்தில் நின்று, முன்கால் இரண்டையும் தேய்த்தது. காக்கா அசையவில்லை. எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கண்ணில் ஒரு சிரிப்பு வந்து ஒளிந்துகொண்டது. ஈ கண் இமைக்குக் கீழே வந்தது. இன்சூரன்ஸ்காரரும் அன்று இருந்தார். அவர் எழும்பியே நின்றுவிட்டார்.

முதலாளி துவாயை வீசி ஈயை விரட்டினார். “கடை பூட்டணும். மூணு நாள் காசு கிடக்கு காக்கா, அதைத் தந்துட்டு ரோபோவா இரிங்க.”