முதலாண்டு அப்பா

1991-இல் என்னை இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்க்க அப்பா வந்தார். டிரங்குப் பெட்டியை விடுதி வராந்தாவில் இறக்கினார், கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்தார், ‘பாத்து இருந்துக்க’ என்றார், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை. பையன் என்ன பிரிவு என்று யாராவது கேட்டால் ‘இன்ஜினீயருக்குத்தான்’ என்பார்.

பார்த்து இருக்கத்தான் வேண்டியிருந்தது. சீனியர் எதிரே வந்தால் நம் சட்டையின் மூன்றாவது பட்டனை விட்டுக் கண் நகரக் கூடாது. தீக்குச்சியால் வராந்தாவை அளந்து நீளம் சொல்ல வேண்டும். சொன்ன அளவு சரி என்று எந்த சீனியரும் ஒப்புக்கொண்டதில்லை. பழைய மாணவர் சந்திப்புகளில் இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் கொல்லப்பட்ட பிறகுதான், 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இந்த ஒன்றில் ‘அந்தக் காலம் போல வருமா’ என்று யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

வகுப்பறையில் வேறு கதை. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்தவர்களெல்லாம் கடைசி பெஞ்சில் ஒன்றுசேர்ந்தோம். பலகையில் இருந்ததைக் கோலம் பார்த்துப் போடுவதுபோல நோட்டில் இறக்கிக்கொண்டோம். சிவில், மெக்கானிக்கல் படிப்புகளை அண்ணா பல்கலைக்கழகம் தமிழில் தொடங்கியது 2010-இல். நாங்கள் கொஞ்சம் சீக்கிரம் பிறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

வீட்டுக்குச் சொல்லலாம் என்றால் எஸ்.டி.டி. பூத்தில் இரவு வெகுநேரம் கழித்துத்தான் கால்பங்குக் கட்டணம். எங்கள் ஊரில் இருந்த ஒரே போன் அஞ்சலகத்தில். அது மாலையிலேயே பூட்டிவிடும். ஆகவே இன்லேண்ட் கவர். ‘இங்கிலீஷ் புரியவில்லை’ என்று நான் எழுதியதற்கு, ‘எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நீ உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று அப்பா பதில் போட்டார். வேறு வழியில்லாமல் நானே புரிந்துகொண்டேன்.

இப்போது என் மகள் முதலாண்டு. ஏ.ஐ.சி.டி.இ. சொல்கிறபடி அவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி உண்டு: யோகா, ஓவியம், ஊர் சுற்றல், விழுமியங்கள். எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பயிற்சி தேவைப்படுவது எங்களுக்கு. சேர்க்கை முடிந்த அன்று மாலையே ‘ஏ செக்‌ஷன் பேரன்ட்ஸ்’ வாட்ஸ்அப் குழு பிறந்துவிட்டது. காலை ஏழரைக்கு மெஸ் பொங்கலின் படம் வருகிறது. மிளகு குறைவு என்கிறார் ஈரோட்டு அப்பா. மேட்ரிக்ஸ் நோட்ஸ் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்கிறார் ஓர் அம்மா. பிள்ளை கேட்டானா என்பது தெரியவில்லை. நானும் லேசுப்பட்டவன் இல்லை. இன்டர்னல் தேர்வு அட்டவணை எனக்கு மனப்பாடம்.

போன வாரம் கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி: ‘உங்கள் மகள் முதல் பாடவேளைக்கு வரவில்லை.’ அலுவலகத்தில் மீட்டிங்கை விட்டு வெளியே ஓடிவந்து போன் செய்தேன்.

‘ஓ.டி.ப்பா. பிளட் டொனேஷன் கேம்ப்ல வாலண்டியர்.’

‘சாப்ட்டியா?’

‘நீங்க மீட்டிங்ல இல்லையா?’

வைத்துவிட்டாள். எழுபத்தைந்து சதவீத வருகை அவளுக்கு இருந்தால் போதும். நானோ அந்தக் குழுவில் ஒருநாளும் லீவு போட்டதில்லை.

சக முதலாண்டுப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் படம் போடுங்கள், நோட்ஸ் கேளுங்கள், தாராளமாக. முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும் அன்று மட்டும் பிள்ளையின் மதிப்பெண்ணைக் குழுவில் போடாதீர்கள். தேர்வு எழுதியது நாம் இல்லை.