‘சத்தி’ என்னும் சொல்லின் இருமை: ஒரு நோய்க்குறி ஆராய்ச்சி

இவ்வாய்வின் களம் யாழ்ப்பாணக் குடாநாடு. மூலாதாரம், ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருப்போர் வாய்மொழி.

குடாநாட்டில் நோயின் பொதுப்பெயர் வருத்தம். “ஐயாவுக்கு வருத்தம்” என்று கேள்விப்படும் தமிழகத்தார், யார் அவர் மனத்தை நோகடித்தது என்று விசாரிப்பார். மூக்கு ஒழுகினால் தடிமன். ஈர்க்குப் போன்ற பெடியனுக்கும் அதே தடிமன்தான். இடுப்பின் பின்பக்கம் நாரி. இலக்கியத்திலோ நாரி என்பவள் பெண். ஆகவே, “இவருக்கு ராத்திரி நாரி பிடிச்சிட்டுது” என்று மனைவியே வந்து முறையிடுவதை, நிகண்டு மட்டும் கற்ற பண்டிதர் எவ்வாறு பொருள்கொள்வார் என்பது தனி ஆய்வுக்குரியது.

இவை சில்லறைச் சிக்கல்கள். தலையாயது சத்தி. வாந்தியைக் குறிக்கும் வடமொழிச் ‘சர்த்தி’ தேய்ந்து சத்தியாயிற்று. சக்தியும் தமிழில் சத்தியே. சைவ சித்தாந்தம் தழைத்த இம்மண்ணில், சிவத்தை விட்டுப் பிரியாதிருப்பதும் சத்தி. ஊசிப்போன கறி வயிற்றில் தங்காமல் வெளியே வருவதும் சத்தி. “சத்தி இருக்கோ?” என்று டொக்டர் கேட்க, “இப்ப இல்லை” என்று நோயாளி ஆறுதலோடு சொல்லுவார். அயலூர் டொக்டர் உடனே விற்றமின் எழுதுவார். “காலமை மூண்டு தரம் சத்தி” என்றாலோ, பாராட்டி வீட்டுக்கு அனுப்பவும் கூடும்.

சொற்களை ஒழுங்குபடுத்த முயன்ற பெரியவர் இல்லாமலில்லை. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், கலைச்சொல் ஆக்கினார், தடித்தடி நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் அறுவை மருத்துவம் பற்றியது ‘இரண வைத்தியம்’. இரணம் என்றால் புண். அகராதியோ, கடன் என்றும் பொருள் சொல்லுகிறது. சீட்டுப் பிடித்து நொந்துபோனவர் எவரேனும் தலைப்பை நம்பி அந்நூலை வாங்கியிருந்தால், அதற்குக் கிறீன் பொறுப்பாளியல்லர்.

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பாடம் ஆங்கிலத்தில். வாட்டில் கிடப்பவர் முனகுவது யாழ்ப்பாணத் தமிழில். தெற்கிலிருந்து வந்து படிக்கும் மாணவருக்கு இவ்வாய்வின் விதப்புரை ஒன்றே: நோயாளி சத்தி என்றால் முதலில் வாளியை எடுங்கள். சித்தாந்தம் பிறகு.