ஓனர் துபாயில் இருக்கார்

பழைய கார் வாங்க அலைந்தவர்கள் எல்லோருக்கும் இவரைத் தெரியும். காரின் சாவி இவர் சட்டைப்பையில் இருக்கும்; கார் இவருடையது அல்ல. விளம்பரத்தில் இவர் போன் நம்பர் இருக்கும், ஆர்.சி.யில் இவர் பெயர் இருக்காது. "சொந்த வண்டி மாதிரி சார்" என்பார். விஷயமெல்லாம் அந்த 'மாதிரி'யில்தான் இருக்கிறது.

எனக்கு வாய்த்தவர் பெங்களூரு அல்சூர்க்காரர். மதுரையிலிருந்து ஒரு மாதம் போனிலேயே பேரம் நடத்தினேன்.

"ஓனர் யாருங்க?"

"நம்ம சகலைதான் சார்."

மறுவாரம் சகலை மச்சானானார். அதற்கடுத்த வாரம் மச்சானின் முதலாளி. உறவுமுறை எப்படி மாறினாலும் ஆள் மட்டும் துபாயை விட்டு அசையவில்லை.

சேசிஸ் நம்பர் கேட்டேன். பதினேழு இலக்கத்தையும் பொறுமையாக வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் 'ஓ' என்றார். சேசிஸ் நம்பரில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்புமென்று ஒதுக்கிவிட்டார்கள். சொன்னேன். "அப்ப ஜீரோன்னே வெச்சுக்கங்க சார்" என்றார், கொசுறுக் கறிவேப்பிலை போடுகிற தாராளத்தோடு.

பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரை அடித்துப் பார்த்தேன். ஓனர் பெயரில் பாதி எழுத்து நட்சத்திரமாக மின்னியது. 'எஸ்' மட்டும் தெரிந்தது. சகலை பெயரும் எஸ்ஸில்தான் தொடங்குமாம். மச்சான் பெயரும் அப்படியே. கீழே ஒரு வங்கியின் பெயர் மட்டும் நட்சத்திரம் ஏதுமின்றி முழுசாக இருந்தது.

"லோன் எப்பவோ முடிஞ்சாச்சு சார்."

முடிந்திருந்தால் வங்கி கடிதமும் ஃபாரம் 35-உம் கொடுத்திருக்குமே என்றேன்.

"அதுவும் துபாய்லதான் இருக்கு."

இதற்குப் பிறகும் ராத்திரி பஸ் ஏறிப் போனேன் என்றால் காரின் விலை அப்படி. நேரில் பார்த்தபின் மனிதரைத் திட்ட மனம் வரவில்லை. மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். காசும் அவரே கொடுத்தார். தோள் துண்டால் பானெட்டைத் துடைத்தபோது முகத்தில் இருந்த பாசம் நடிப்பில்லை. அப்புறம் பிளாஸ்டிக் உறையைத் திறந்தார். ஃபாரம் 29, ஃபாரம் 30. கையெழுத்து மட்டும் இருந்தது. வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் காலி. மடித்து மடித்துத் தாளே துணியாகியிருந்தது.

"உங்க பேரை எழுதிக்க வேண்டியதுதான் சார்!"

விசாரித்ததில், இதே தாளை வைத்துக்கொண்டு நாலு பேர் வண்டியை ஓட்டித் தள்ளிவிட்டார்கள். ஒருவரும் தன் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஓனர் எண்ணிக்கை ஏறும், விலை இறங்கும். ஆகவே 'சிங்கிள் ஓனர்' என்ற விளம்பரத்தைப் பொய்யென்று சொல்லிவிட முடியாது.

சட்டம் சொல்லிப் பார்த்தேன். வேறு மாநிலத்துக்கு விற்றால் விற்றவர் 45 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். இப்படியே கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்து வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. துபாய்க்காரர் பாவம் இல்லையா?

நம்மவர் கவனமாகக் கேட்டார். முகம் மலர்ந்தது. "அப்ப உங்களுக்கு ஒரு ரிஸ்க்கும் இல்லையே சார்!"

கடைசியாக, தமிழ்நாட்டுக்கு மாற்றத் தடையில்லாச் சான்று வேண்டும், அதற்கான ஃபாரம் 28-இல் ஓனர் கையெழுத்து வேண்டும் என்றேன். "கையெழுத்துதானே, நாமளே…" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து டீ சொல்லப் போய்விட்டார்.

வேண்டாம் என்றதும் கோபித்துக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை அதே காரில் கொண்டுவிடுகிறேன் என்றார். மறுத்தால் மசால் தோசைக்குத் துரோகம். ஏறினேன். இரண்டாவது சிக்னலில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டினார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலில் குனிந்து கன்னடத்தில் கேட்டார்: "காடி யார்து?"

நம்மவர் கண் இமைக்கவில்லை. இடக்கையை என் பக்கம் நீட்டினார்.

"இவர்து சார்."