எல்.கே.ஜி. சேர்க்கையில் ஒன்பதாம் விடை: ஓர் இலக்கண ஆய்வு

1. முன்னுரை

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். பத்தாம் வகுப்பில் அவற்றை மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த மத்தியானமே மறந்துபோனவர்களில் இவ்வாய்வாளனும் ஒருவன். மகனுக்கு மூன்றரை வயதானபோது அத்தனையும் நினைவுக்கு வந்தன. நன்னூலை இயற்றும்படி வேண்டியவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். இந்த ஆய்வுக்கு உத்தரவிட்டவர் என் மனைவி.

களம், சென்னைப் புறநகரில் ஒரு தனியார் பள்ளியின் அட்மிஷன் அறை. பள்ளியின் பெயரைச் சொல்லாதது ஆய்வு நெறி கருதி அன்று; எனக்கு இரண்டாவதாக ஒரு மகள் இருக்கிறாள். கருதுகோள் இது: அந்த அறைக்கு எட்டு விடை போதவில்லை. ஒன்பதாவது ஒன்று வழக்கில் இருக்கிறது.

2. வினா இயல்

கேள்வி கேட்கப் போனவர் பதில் சொல்லிவிட்டுத் திரும்பும் இடம் அது என்பதை முதலில் பதிவு செய்ய வேண்டும்.

கேட்டில் செக்யூரிட்டி, "ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு வரலயா?" என்றார். இது ஏவல் வினா. எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை இருந்தது. அங்கே எனக்கு முன்னால் ஏழு அப்பாக்கள், அதே வினாவால் ஏவப்பட்டு நின்றிருந்தார்கள்.

உள்ளே, அட்மிஷன் பார்க்கும் மேடம் என் மனைவியிடம் கேட்டது ஐய வினா: "வேலைக்குப் போறீங்களா, வீட்ல இருக்கீங்களா?" போகிறேன் என்றால் 'அப்போ ஹோம்வொர்க் யார் பார்ப்பா?' என்று வரும். வீட்டில் இருக்கிறேன் என்றால் மேடத்தின் பார்வை ஃபீஸ் பட்டியலுக்குப் போய்த் திரும்பும். "ஒர்க் ஃப்ரம் ஹோம்" என்றாள் மனைவி. இரண்டு கதவையும் ஒரே தாழ்ப்பாளால் சாத்திய அந்த விடைக்காக அவளுக்கு முனைவர் பட்டமே கொடுக்கலாம்.

வாங்கக் கேட்பது கொளல் வினா. கொடுக்கக் கேட்பது கொடை வினா. "சீட் இருக்கா மேடம்?" என்பது முதல் வகை. அது பலிக்காதபோது, குரலைத் தாழ்த்தி, "நாங்க ஏதாவது பண்ணணுமா மேடம்?" என்பது இரண்டாம் வகை. ஒரே மனிதர் இரண்டு நிமிடத்தில் கொளலிலிருந்து கொடைக்கு மாறுவதை வேறெந்தக் களத்திலும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது.

எஞ்சியவை அறிவினாவும் அறியா வினாவும். விடை தெரிந்தே கேட்பது அறிவினா. அது மேடத்துக்கும் குழந்தைக்கும் நடுவே நடப்பது. அதைப் பிறகு காண்போம். தெரியாமல் கேட்பது அறியா வினா. அது முழுக்க முழுக்கப் பெற்றோருக்கு உரியது.

3. சட்டமும் சொல்லும்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. அதன் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. கட்டாய நன்கொடை பெற்றால், பெற்றதைப் போல் பத்து மடங்கு வரை.

இதனால் களத்தில் நேர்ந்தது சொல் மாற்றம். இன்டர்வியூ 'இன்டராக்‌ஷன்' ஆயிற்று. டொனேஷன் 'டெவலப்மெண்ட் ஃபண்ட்' ஆயிற்று. இது மங்கலமா, குழூஉக்குறியா என்பது தனி ஆய்வுக்குரியது.

4. விடை இயல்

சுட்டு விடை: "ஃபீஸ் எவ்வளவு மேடம்?" என்றேன். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. சுவரில் அந்தத் தொகை ஒட்டியிருந்தது. மேடம் முதலில் அதைச் சுட்டினார். பிறகு ஒரு பழைய கவரைப் புரட்டி, பென்சிலால் ஓர் எண்ணை எழுதி, எங்கள் பக்கம் திருப்பினார். நாங்கள் பார்த்தோம். கவரைத் தன் பக்கம் இழுத்து, ரப்பரால் அழித்து, துகளை ஊதினார். வாயால் ஓர் எண்கூடச் சொல்லவில்லை.

வினா எதிர் வினாதல்: "இதுக்கு ரசீது உண்டா?" "காபி சாப்பிடுறீங்களா சார்?"

இனமொழி: "சீட் இருக்கா?" "ஸ்விம்மிங் பூல் இருக்கு சார்."

உற்றது உரைத்தல்: "கரெஸ்பாண்டென்டைப் பார்க்கலாமா?" "காலையிலேருந்து மீட்டிங்ல இருக்காங்க."

உறுவது கூறல்: "விளையாட்டு மைதானம் எங்கே?" "வரும்."

ஏவல்: "ரிசல்ட் எப்போ தெரியும்?" "வெப்சைட்டைப் பாருங்க."

எட்டில் மிச்சம் நேர் விடையும் மறை விடையும். அதாவது 'உண்டு', 'இல்லை'. இரண்டுக்கும் பள்ளித் தரப்பில் ஒரு சான்றுகூடக் கிடைக்கவில்லை.

அவற்றின் இடத்தில் இருந்தது ஒரே சொல்: "சொல்றோம்." வடிவத்தில் இது உறுவது கூறல் போலத் தோன்றும். ஆனால் உறுவது எதுவும் உறுவதில்லை. எனவே இதற்கு 'உறாதது கூறல்' என்று பெயரிட்டு, ஒன்பதாம் விடையாக நன்னூலுக்குப் பின்னிணைப்பாக்கப் பரிந்துரைக்கிறேன்.

5. காரணம்

'இல்லை' என்று சொல்லிவிட்டால் மறுநாள் ஃபார்ம் விற்காது என்பது பாதிக் காரணம். மறுபாதி எங்கள் ஃபைலில் இருந்தது. "வேற எங்கயாவது அப்ளை பண்ணியிருக்கீங்களா?" என்று மேடம் கேட்டார். "இல்ல மேடம், இது ஒண்ணுதான்" என்றேன். இதே வாக்கியத்தை அந்த வாரத்தில் நான் சொன்ன நான்காவது பள்ளி அது. மற்ற மூன்று விண்ணப்பங்களின் நகல்களும் என் மடியில், அதே பிளாஸ்டிக் ஃபைலில் இருந்தன. எத்தனை பேர் உண்மையிலேயே சேர்வார்கள் என்று அவருக்குத் தெரியாது; சொல்ல வேண்டியவர்கள் நாங்கள், நாங்களும் சொல்லவில்லை. ஆக, ஒன்பதாம் விடை பள்ளியின் தனிக் கண்டுபிடிப்பு அன்று. இருதரப்பும் சேர்ந்து வளர்த்தது.

6. ஒரு விதிவிலக்கு

இன்டராக்‌ஷனில் மேடம் ஒரு சிவப்புப் பந்தைத் தூக்கிக் காட்டி, "வாட் கலர் இஸ் திஸ்?" என்று அறிவினாவைத் தொடுத்தார். மூன்று வாரமாகப் பழக்கிய விடை அது. மகன் பந்தைப் பார்த்தான். மேடத்தின் மேஜையிலிருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தான். "பசிக்குது" என்றான்.

உற்றது உரைத்தல். அன்று அந்த அறையில் பேசப்பட்டவற்றில் வேறு பொருள் ஒளிந்திராத ஒரே சொல். மேடம் சிரித்துவிட்டு, "சொல்றோம் சார்" என்றார்.

7. முடிவுரை

வெளியே வந்ததும் ஊரிலிருந்து அம்மாவின் போன். "என்னப்பா, புள்ளைக்கு எடம் கெடைச்சுதா?" என்று கேட்டாள். இது தூய அறியா வினா. உண்டு என்று சொல்ல வழியில்லை. இல்லை என்று சொல்ல மனமில்லை.

"சொல்றேம்மா" என்றேன்.