வெள்ளி வடாம்

எங்கள் வீட்டு மாருதி 800-ஐ 2008-ல் வாங்கினோம். 2023-ல் பதினைந்து வருடம் முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டியாக வேண்டும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்க மாட்டோமா? அந்த மனநிலையில்தான் காரைச் சுற்றி வந்தேன்.

பின்கதவில் இரண்டு சாண் நீளத்துக்கு ஒரு கீறல். நங்கநல்லூர் வீட்டு கேட் போட்டது. டிங்கரிங் பட்டறையில் விலை கேட்டேன். "கீறலை மட்டும் தொட முடியாது சார். கதவு முழுக்க அடிக்கணும். மூவாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார் பெயின்டர். இரண்டு சாணுக்கு மூவாயிரத்து ஐந்நூறு என்றால் பட்டுப்புடவையே சல்லிசு. நாமே செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். பல்பு மாற்றும்போதுகூட எங்கள் வீட்டில் ஒருவர் ஸ்டூலையும் ஒருவர் என்னையும் பிடித்துக்கொள்வார்கள் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். சென்னையில் கார் வைத்திருப்பவன் அந்தத் தெருவுக்குள் ஒரு சாமானுக்காகப் போய் ஒரு சாமானோடு திரும்பிய சரித்திரம் கிடையாது. ஸ்ப்ரே பெயின்ட் கேட்டவனுக்கு வீல் கப், கறுப்பு ஸ்டிக்கர் ரோல், கதவு பீடிங், ஸ்டீயரிங் கவர் எல்லாம் கிடைத்தன. "கறுப்பு ஃபிலிம் ஒட்டிரலாமா சார்?" என்றும் ஒரு பையன் கேட்டான். அதை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை செய்துவிட்டது என்று சொல்லி, சட்டத்தை மதிக்கும் குடிமகனாகத் தலை நிமிர்ந்து வெளியே வந்தேன். நிமிர்ந்த தலைக்கு இன்னும் பத்து நாள்தான் ஆயுசு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலை ஆரம்பம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டு சாண் கீறல் நான்கு சாண் தேமலாயிற்று. சுற்றிலும் செய்தித்தாள் ஒட்டி, டப்பாவைக் குலுக்கி, ஒரு சாண் தள்ளி நின்று அடிக்க வேண்டும். மெல்லிசாக அடித்து, காயவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். மூன்று மணிக்குக் கடற்காற்று கிளம்பும் என்பதுதான் தெரியாது.

வாசலில் கட்டில் மேல் பழைய வேட்டி விரித்து மாமியார் வடாம் பிழிந்திருந்தார். நான் கதவுக்கு அடித்ததில் பாதி அங்கே போய் இறங்கியது. மாமியார் வந்து பார்த்தார். ஒரு வடாமை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். "வெள்ளியில வேணும்னு சொல்லியிருந்தா தட்டான்கிட்டயே கொடுத்திருப்பேனே மாப்பிள்ளை" என்றார். அதன்பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டுமில்லையா?

கதவு காய்ந்தது. நிறம் ஒட்டவில்லை. கார் நிறங்களிலேயே ஏமாற்றுக்காரன் சில்வர்தான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெயின்ட்டுக்குள் அலுமினியத் துகள்கள் இருக்கின்றன. காயும்போது அவை எப்படிப் படுக்கின்றனவோ அப்படித்தான் வெளிச்சம் தெரியும். கம்பெனியில் அவை ஒழுங்காகப் படுத்திருக்கின்றன. என் கதவில் கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் கிடைக்காத விருந்தாளிகள் மாதிரி கண்டபடி படுத்திருந்தன. போதாததற்குப் பழைய பெயின்ட் பதினைந்து வருட வெயிலில் வெளுத்திருந்தது.

திட்டை மறைக்கக் கறுப்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். உள்ளே காற்று புகுந்து அப்பளம் மாதிரி உப்பியது. மகளின் ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். அப்பளம் அமுங்கியது, ஹேர் டிரையர் ஆயுளை முடித்துக்கொண்டது. ஒரு பக்கம் கறுப்புக் கோடு இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால் எப்படி? அங்கேயும் ஒட்டினேன். இரண்டு பக்கமும் இருந்து பேனட்டில் இல்லாவிட்டால்? "என்னங்க, எறும்புக்குத் திருமண் இட்ட மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

கடைசியாக வீல் கப். பன்னிரண்டு அங்குல டயருக்கு இதுதான் சரி என்று கடைக்காரர் சத்தியம் செய்தது. மறுநாள் கத்திப்பாரா பாலத்தில் இறங்கும்போது பளபளவென்று ஏதோ ஒன்று எங்களை முந்திக்கொண்டு ஓடியது. "அப்பா, அது நம்மளோடது!" என்றாள் மகள். 796 சிசி கார் எங்களுடையது. பதினைந்து வருடத்தில் அதை முந்தாத வண்டியில்லை. தன் உறுப்பே தன்னை முந்தியது அன்றுதான்.

பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ். இன்ஸ்பெக்டர் வந்தார். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "நிறம் சில்வர்னு இருக்கு. இதுல எது சார் சில்வர்?"

ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கறுப்புக் கோடுகளையெல்லாம் எடுத்துவிட்டு நாளைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

இரவெல்லாம் உட்கார்ந்து உரித்தோம். ஸ்டிக்கரோடு நான் அடித்த பெயின்ட்டும் தோல் தோலாக வந்துவிட்டது. அடியில், தேமலின் நடுவே, அதே இரண்டு சாண் கீறல். மகள் கணக்குப் போட்டாள்: வடாமும் ஹேர் டிரையரும் சேர்த்து நாலாயிரத்து அறுநூறு.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பிரேக், லைட், ஹார்ன் எல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நானாகக் கதவைக் காட்டி, "இந்தக் கீறல்..." என்று இழுத்தேன்.

"பழைய வண்டின்னா கீறல் இருக்கத்தானே சார் செய்யும்? அதையெல்லாம் நாங்க பார்க்கறதில்ல" என்றார்.

ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறார்கள். கீறலுக்கும் சேர்த்துத்தான்.