பேனாக் களவுக்கு எத்தனை வருசம்?

கே: மாட்டுக்களவுக்கும் மறியல், கோடி சுருட்டினாலும் மறியல். நீதிபதி எதைப் பார்த்து வருசம் போடுகிறார்? (உன்னிச்சை)

ப: முதலில் குற்றத்தின் பாரத்தை. 1955ஆம் ஆண்டு எச். என். டி சில்வா வழக்குத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. குற்றவாளியின் நிலையோடு பொதுமக்கள் நலனையும் பார்க்க வேண்டும். பறிபோனது எவ்வளவு, அந்தக் குற்றம் பிடிபடுவது எவ்வளவு கடினம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது அது. மாடு போனால் விடியப் பட்டியில் தெரிந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் போன காசு வருசக்கணக்கில் தெரியாது.

கே: ராஜ் ராஜரட்ணம் சுனாமிக்கு அள்ளிக் கொடுத்தவர். அது தண்டனையைக் குறைத்ததா? (ஆயித்தியமலை)

ப: குறைத்தது. அமெரிக்காவில் முதலீட்டு நிதி நடத்திய இவர் கம்பனிகளின் உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்தார் என்று 14 குற்றச்சாட்டுகள் நிரூபணமாகின. அரசுத் தரப்பு கேட்டது பத்தொன்பதரை முதல் இருபத்துநாலரை வருசம் வரை. 2011 ஒக்டோபரில் நியூயோர்க் நீதிபதி ரிச்சர்ட் ஹோல்வெல் கொடுத்தது 11 வருசம், கூடவே ஒரு கோடி டொலர் தண்டம். ராஜரட்ணத்தின் சிறுநீரக நோயையும் கொடைகளையும் நீதிபதி கணக்கில் எடுத்தார். நாவலடியில் கடல் ஊரை வாரிப்போனதைக் கண்ட நமக்கு அந்த உதவி பெரிதுதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நோய்க்கு இரங்கலாம். கொடைக்குக் கழிவு கொடுத்தால், கொடுக்க வசதியில்லாத எழுதுவினைஞர் முழுத் தண்டனையையும் அனுபவிக்க வேண்டும். நல்ல பெயரை நம்பித்தான் சனம் காசைக் கொடுக்கிறது. களவுக்கு உதவிய அதே பெயர் தண்டனைக் குறைப்புக்கும் உதவலாமா?

கே: கரம் போர்ட் வழக்கில் 20, 25 வருசம் கூடவில்லையா? (வவுணதீவு)

ப: இல்லை. அரச நிறுவனமான சதொச வழியாகக் கரம் போர்ட் வாங்கப் போனது பொதுப்பணம், நட்டம் 5 கோடிக்கும் மேல், 2025 மே மாதம் தண்டிக்கப்பட்ட இருவரும் முன்னாள் அமைச்சர்கள்.

கே: கூட்டுறவுச் சங்கக் காசை எடுத்தவர் திருப்பிக் கட்டினால் விட்டுவிடலாமா? (கரடியனாறு)

ப: பிடிபடுமுன் கட்டினால் மனம் திருந்தியது என்பேன். பிடிபட்டபின் கட்டுவது கடனடைப்பு. 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டம் கூட்டுறவுச் சொத்தையும் காக்கிறது: குறைந்தது ஒரு வருசம், கூடியது 20 வருசம், கூடவே எடுத்ததன் பெறுமதியின் மூன்று மடங்கு அல்லது ஆயிரம் ரூபா, இரண்டில் எது கூடவோ அது தண்டம்.

கே: காசைப் பறிகொடுத்த நாங்கள் நீதிபதியிடம் பேச முடியுமா? (உன்னிச்சை)

ப: முடியும். குற்றம் உறுதியானபின், தண்டனை விதிக்குமுன், உங்கள் பாதிப்பைச் சொல்லப் பாதிக்கப்பட்டோர் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. எந்தப் போகத்துக்கு உரம் வாங்க முடியாமல் போனது, எந்த நகை அடகில் மூழ்கியது என்று பற்றுச்சீட்டோடு எழுதிக் கொண்டுபோங்கள்.