துளை போடும் பேட்டரி சைக்கிள் ஓட்டுமா?

கேள்வி: தச்சு வேலைக்கு வாங்கிய டிரில் பேட்டரிகள் இரண்டு சும்மா இருக்கின்றன. எலெக்ட்ரிக் சைக்கிளை அவற்றால் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம். சுவரையே துளைத்தவற்றுக்குச் சாலை எம்மாத்திரம்! டிரில், சைக்கிள் இரண்டின் பேட்டரியிலும் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயான் செல்தான். 5 செல்களை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். இரண்டு பேட்டரியைத் தொடர் இணைப்பில் சேர்த்தால் 36 வோல்ட், 250 வாட் மோட்டாருக்குக் கச்சிதம். ஒவ்வொன்றும் 5 ஆம்பியர்-ஹவர் என்றால் மொத்தம் 180 வாட்-ஹவர். கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-ஹவர் செலவானால் 18 கிலோமீட்டர் போகலாம். காலும் உழைத்தால் இன்னும் கொஞ்சம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பல டிரில் பேட்டரிகளில், சார்ஜ் தீர்ந்ததும் 'போதும்' என்று நிறுத்துவது பேட்டரி அல்ல, மெஷின். சைக்கிளில் அந்த மெஷின் கிடையாது. மோட்டாரின் கன்ட்ரோலர் 30 வோல்ட் வாக்கில் நிறுத்தும். ஆனால் அது பார்ப்பது கூட்டுத்தொகையை. ஒன்று 18, மற்றது 12 என்றாலும் கூட்டினால் 30தானே! நோஞ்சான் பேட்டரி அங்கேயே கெட்டுவிடும். கெட்ட செல்லைத் திரும்ப சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வயது பேட்டரிகளாகப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வோல்ட் மீட்டர், நடுவே ஒரு ஃபியூஸ் கட்டாயம். சார்ஜ் செய்யும்போது கழற்றி, அதனதன் சார்ஜரில் போடுங்கள். பிரித்துச் செல்லை எடுத்து நீங்களே பற்றவைக்கும் யோசனை இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.